அடிவயிற்றுக் குடலிறக்கமும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனும்: முதல் பரிசோதனையிலிருந்து வேலைக்குத் திரும்பும்வரை

தொடையும் அடிவயிறும் சேரும் இடத்தில் ஒரு வீக்கம். நின்றால், இருமினால், முக்கினால் வெளியே தள்ளுகிறது. படுத்தால் உள்ளே போய்விடுகிறது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஹெர்னியாதான், ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், லேப்ராஸ்கோப்பியிலேயே செய்யலாம்" என்று சொல்லி, சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். ஹெர்னியா என்பது குடலிறக்கம்; லேப்ராஸ்கோப்பி என்பது சின்னத் துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் ஆபரேஷன். அந்தச் சீட்டோடு வீட்டுக்கு வந்து, அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருப்பவருக்கும் அவர் வீட்டாருக்கும்தான் இதை எழுதுகிறேன்.

நான் அறுவை சிகிச்சை வார்டில் செவிலியர். ஹெர்னியாவுக்கு இரண்டு விதமாக ஆட்கள் வருவதைப் பார்க்கிறேன். ஒருவர் நாள் குறித்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடித்து, வீட்டில் சொல்லிவிட்டு நடந்து வருகிறார். இன்னொருவர் நடுராத்திரியில் வாந்தியோடு ஸ்ட்ரெச்சரில் வருகிறார். நோய் ஒன்றுதான்; வைத்தியமும் ஆபத்தும் வேறு வேறு. பெரும்பாலான குடலிறக்கம் நிதானமாக முடிவெடுக்க நேரம் தருகிறது. அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

உள்ளே நடந்திருப்பது என்ன

வயிற்றுச் சுவர் தசையாலும் அதை மூடியிருக்கும் கெட்டியான சவ்வுகளாலும் ஆனது. அதன் கீழ்ப்பகுதியில், இரண்டு பக்கமும், இயற்கையாகவே பலவீனமான ஓர் இடம் இருக்கிறது. ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது விதைகள் வயிற்றுக்குள் உருவாகி, இந்த வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. வழி பிறகு மூடிக்கொண்டாலும், விதைக்குப் போகும் ரத்தக்குழாய்களும் விந்துக் குழாயும் அதற்குள்ளேயே போகின்றன. அதனால் முழு அடைப்பு என்பது அங்கே கிடையாது. ஆண்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இங்கே குடலிறக்கம் வருகிறது என்று சொல்லப்படுவதற்கு இதுதான் அடிப்படைக் காரணம். பெண்களுக்குக் குறைவு, நூற்றில் மூன்று பேர் அளவில்.

இங்கே மூன்று வகை உண்டு. விதை இறங்கிய பழைய வழியாகவே வருவது ஒன்று; இளம் வயதிலும் வரும், விதைப்பைவரை இறங்கும். நடுவயதுக்கு மேல் சுவரே தளர்ந்து நேராகப் புடைப்பது இரண்டாவது. தொடைக்குப் போகும் பெரிய ரத்தநாளத்தின் பக்கத்தில், இன்னும் சற்றுக் கீழே வருவது மூன்றாவது. இந்த மூன்றாவது வகை பெண்களிடம்தான் அதிகம். துவாரம் இறுக்கமானது என்பதால் குடல் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் இதில் அதிகம். பெண்களுக்கு அடிவயிற்றின் ஓரத்தில் வீக்கம் வந்தால் "சின்னதுதானே, பார்க்கலாம்" என்று தள்ளிப் போடக்கூடாது என்று அழுத்திச் சொல்வது இதனால்தான். வெட்கத்தால் காட்டாமலே வைத்திருந்த அம்மாக்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நீங்களே கேளுங்கள்.

சைக்கிள் டயரில் கிழிசல் விழுந்தால் உள்ளே இருக்கும் டியூப் அந்த வழியாகப் புடைத்துக்கொண்டு வரும் இல்லையா, இதுவும் அப்படித்தான். புடைத்த டியூபை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்தால் கிழிசல் சேராது. ஹெர்னியா பெல்ட், இறுக்கமான லங்கோடு, எண்ணெய், மாத்திரை, யோகா எதுவும் துவாரத்தை மூடாது என்பதற்குக் காரணம் அவ்வளவுதான். சைக்கிள் கடைக்காரர் என்ன செய்வார்? பழைய டயர்த் துண்டு ஒன்றை உள்பக்கமாக வைப்பார். காற்று அடிக்க அடிக்க அந்தத் துண்டு டயரோடு இன்னும் இறுகி உட்காரும். லேப்ராஸ்கோப்பியில் செய்வதும் ஏறக்குறைய இதே வேலை.

அவசரமா, இல்லையா

வீக்கம் எளிதாக உள்ளே போகிறது, வலி இல்லை அல்லது கொஞ்சம்தான் என்றால் அவசரம் இல்லை. வலியே இல்லாத, அல்லது கொஞ்சமே உள்ள ஆண்கள் ஆபரேஷனைத் தள்ளிவைத்துக் கவனித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் ஆராய்ந்து 2006-இல் முடிவு வெளியிட்டார்கள். திடீரென்று சிக்கிக்கொள்ளும் ஆபத்து ஆண்டுக்கு ஆயிரம் பேரில் இரண்டு பேருக்கும் குறைவு என்று அதில் தெரிந்தது. ஆனால் அதே ஆட்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது, மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் வலி கூடிக் கடைசியில் ஆபரேஷனுக்கே வந்திருந்தார்கள். ஆகவே பயந்துகொண்டு நாளைக்கே ஓட வேண்டாம். என்றைக்குமே வேண்டாம் என்று விடுவதும் நடைமுறையில் நிற்காது. வயது கூடி, இதயமும் நுரையீரலும் தளர்ந்த பிறகு செய்வதைவிட, உடம்பு தெம்பாக இருக்கும்போது செய்துகொள்வது நல்லது என்பது என் கருத்து. பெண்களுக்கு இந்தக் "கவனித்துக்கொண்டிருக்கலாம்" பொருந்தாது. அவர்கள் நாள் குறித்துவிடுவதே சரி.

இப்போது அவசரம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் போகவில்லை, கல் போல இறுகி, தொட்டால் வலிக்கிறது, வாந்தி வருகிறது, வயிறு உப்புகிறது, காற்றும் பிரியவில்லை, மலமும் போகவில்லை, மேலே தோல் சிவந்தோ கறுத்தோ வருகிறது. இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்தாலே வீட்டில் உட்கார வேண்டாம். குடல் மாட்டி, அதற்குப் போகும் ரத்தம் நின்றுவிட்டால், சில மணி நேரத்தில் அந்தக் குடல் பகுதி அழுக ஆரம்பிக்கும். அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

மூட்டை தூக்கும் வேலை செய்த ஒரு பெரியவர் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டே வருடக்கணக்கில் ஓட்டினார். ஒரு நாள் மாலை வீக்கம் உள்ளே போகவில்லை. விடிந்ததும் போகலாம் என்று சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு இருந்துவிட்டார். வந்தபோது குடலில் ஒரு சாண் நீளம் கறுத்துப் போயிருந்தது. வெட்டி எடுத்துச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒரு நாளில் வீடு திரும்பியிருக்க வேண்டியவர், வாரக்கணக்கில் வார்டில் கிடந்தார்.

லேப்ராஸ்கோப்பியா, திறந்து செய்வதா

இது பணக்காரர் வைத்தியம், ஏழை வைத்தியம் என்ற கேள்வி இல்லை. இரண்டுமே நல்ல முறைகள். திறந்த முறையில் வீக்கத்துக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்குச் சற்று அதிகமாகக் கீறி, வெளிப்பக்கத்திலிருந்து வலை (துவாரத்தை மூடும் செயற்கை இழைத் துண்டு, மெஷ் என்பார்கள்) வைத்துத் தைப்பார்கள். லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த லிக்டென்ஸ்டைன் 1980-களில் பரப்பிய இந்த முறைதான் இன்றும் உலகெங்கும் அதிகம் நடப்பது. முதுகில் ஊசி போட்டோ, அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்தோ செய்யலாம். லேப்ராஸ்கோப்பி 1990-களின் தொடக்கத்தில் வந்தது. மூன்று சின்னத் துளைகள், உள்பக்கத்திலிருந்து வலை. இதற்குப் பொதுவாக முழு மயக்கம் தேவை.

லேப்ராஸ்கோப்பிதான் மேல் என்று தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள்: இரண்டு பக்கமும் குடலிறக்கம் உள்ளவர்கள் (அதே மூன்று துளைகளில் இரண்டையும் முடித்துவிடலாம்), முன்பு திறந்த முறையில் செய்து மறுபடி வந்தவர்கள் (பழைய தழும்புக்குள் போகாமல் புது வழியில் போகலாம்), பெண்கள் (தொடைப் பக்கத் துவாரமும் கண்ணுக்குத் தெரியும், அதையும் சேர்த்து மூடலாம்). ஒரே பக்கம், முதல் தடவை என்றால் இரண்டு முறையும் பொருந்தும். முதல் சில நாள் வலி குறைவு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம், நாள்பட்ட வலி வரும் வாய்ப்பும் குறைவு என்பது லேப்ராஸ்கோப்பியின் பக்கம். ஆனால் செய்பவர் அதில் கைதேர்ந்தவராக இருந்தால்தான் இந்த லாபம் கிடைக்கும்.

திறந்த முறையே நல்லது என்று டாக்டர் சொன்னால் ஏமாற்றம் அடைய வேண்டாம். முழு மயக்கத்தைத் தாங்காத இதயமோ நுரையீரலோ, புராஸ்டேட் புற்றுநோய்க்காக முன்பே நடந்த ஆபரேஷன், இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு, விதைப்பையில் தேங்காய் அளவுக்கு இறங்கிய பழைய வீக்கம் இவையெல்லாம் உள்ளவர்களுக்குத் திறந்து செய்வதே பல நேரம் பாதுகாப்பு. முன்பு லேப்ராஸ்கோப்பியில் செய்து மறுபடி வந்திருந்தாலும் இந்த முறை முன்பக்க வழிதான். சிறு குழந்தைகளின் குடலிறக்கம் வேறு கதை. அவர்களுக்கு வலை வைப்பதில்லை, குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள்.

ரோபாட்டிக் என்று சில இடங்களில் சொல்வார்கள். வலை போய் உட்காரும் இடம் அதே இடம்தான். சாதாரண ஒரு பக்கக் குடலிறக்கத்துக்குக் கூடுதல் செலவுக்கு ஏற்ற கூடுதல் பலன் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

டாக்டரிடம் என்ன கேட்பது

முதல் பரிசோதனையில் உங்களை நிற்கவைத்து இருமச் சொல்வார். படுக்கவைத்து மறுபடி பார்ப்பார். பல நேரம் அதுவே போதும். வீக்கம் தெரியாமல் வலி மட்டும் இருந்தால்தான் ஸ்கேன் கைகொடுக்கும். இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் இருப்பவர்களுக்கு மறுபக்கமும் தொடங்கியிருக்கலாம்.

பிறகு கேள்விகள். கேட்கத் தயங்காதீர்கள், நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். முதல் கேள்வி: "இந்த ஆபரேஷனை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா சார், எவ்வளவு காலமாக?" மற்ற எந்தக் கேள்வியையும்விட இது முக்கியம். லேப்ராஸ்கோப்பிக் குடலிறக்கம் கற்றுக்கொள்ளக் கடினமானது. ஐம்பதிலிருந்து நூறு ஆபரேஷன்வரை செய்த பிறகுதான் கை நிலைக்கும் என்று அறுவை சிகிச்சை வட்டாரத்தில் சொல்வார்கள். பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் எடுப்பதில் பெயர் பெற்றவர் இதிலும் அதே அளவு பழகியிருக்க வேண்டும் என்பதில்லை. பெரிய கட்டடத்தில் அபூர்வமாகச் செய்பவரைவிட, உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரந்தோறும் செய்பவர் எவ்வளவோ மேல்.

அடுத்தது, எந்த முறை, எந்த வலை என்பது. அலமாரியில் பல விலைகளில் வலை இருக்கும். சாதாரணமாகப் பயன்படுவது பாலிப்ரொப்பிலீன் இழையில் பின்னியது. உடம்பின் வளைவுக்கு ஏற்றபடி வார்த்தது, தானே ஒட்டிக்கொள்வது, எடை குறைந்தது என்று விலை ஏறிக்கொண்டே போகும். தட்டையான சாதாரண வலையைவிட அவை நிச்சயமாக மேல் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மகாராஷ்டிராவின் தொண்டாயிச்சா என்ற சிற்றூரில் டாக்டர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், சுத்திகரித்த கொசுவலைத் துணியையே திறந்த முறை ஆபரேஷனுக்குப் பயன்படுத்தி, 2003-இல் மருத்துவ இதழில் எழுதினார். பிறகு உகாண்டாவில் கொசுவலையையும் விலை உயர்ந்த வலையையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஓர் ஆண்டு முடிவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்களுக்குக் கொசுவலை வைக்கச் சொல்லவில்லை. விலை உயர்ந்த வலை கட்டுப்படியாகவில்லையே என்று யாரும் மனம் நொந்து ஆபரேஷனைத் தள்ளிப் போடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

"நடுவில் திறந்து செய்ய வேண்டி வந்தால்?" என்றும் கேளுங்கள். ரத்தக்கசிவோ, பழைய ஒட்டுதலோ இருந்தால் டாக்டர் துளையை விட்டுத் திறந்து செய்ய முடிவெடுக்கலாம். அது தோல்வி இல்லை, முன்னெச்சரிக்கை. கையெழுத்து வாங்கும் படிவத்திலும் அது இருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள்.

பண விஷயம்: தனியார் காப்பீட்டில் பெரும்பாலான தனிநபர், குடும்ப பாலிசிகளில் ஹெர்னியாவுக்கு இரண்டு ஆண்டு காத்திருப்புக் காலம் உண்டு. வேலை பார்க்கும் கம்பெனி எடுத்துக் கொடுக்கும் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் அது இராது. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மருத்துவமனையில் அதற்கென்று இருக்கும் மேசையில் அட்டையைக் காட்டி, உங்களுக்குக் குறித்த ஆபரேஷன் அங்கே அதில் வருமா என்று அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்கள்

இருமல் இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும். சிகரெட், பீடியைக் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்துங்கள். நுரையீரலுக்கும் நல்லது, புண் ஆறுவதற்கும் நல்லது. மலச்சிக்கலுக்கும் வழி பாருங்கள். ஐம்பது வயதைக் கடந்த ஆண்கள், சிறுநீர் நின்று நின்று போகிறதா, இரவில் பலமுறை எழுகிறீர்களா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். புராஸ்டேட் வீக்கம் இருந்தால் அதற்கு மாத்திரை தொடங்கிவிட்டு ஆபரேஷனுக்கு வருவது நல்லது. இல்லையென்றால் அன்று இரவே சிறுநீர் அடைத்துக்கொண்டு டியூப் போட வேண்டிவரும்.

மாத்திரைகள்தான் இங்கே அதிகம் கோட்டை விடும் இடம். நீங்கள் தினமும் சாப்பிடும் அத்தனை மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மயக்க மருந்து டாக்டரிடம் கொண்டுபோங்கள். பெயர் ஞாபகம் இருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றை எப்போது நிறுத்துவது என்பதை அறுவை சிகிச்சை டாக்டரும் இதய டாக்டரும் சேர்ந்து சொல்ல வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சர்க்கரைக்கு டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் சாப்பிடுபவர்கள் பலர் இருக்கிறார்கள். அவற்றை வழக்கமாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எடை குறைய வாரம் ஒரு முறை ஊசி போட்டுக்கொள்பவர்கள் அதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வயிறு காலியாக நேரம் அதிகம் பிடிக்கும். சித்த மருந்து, நாட்டு மருந்து எடுத்தாலும் சொல்லுங்கள், யாரும் திட்டப்போவதில்லை.

ரத்தம், சிறுநீர், இசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எக்கோ. இவை முடிந்து மயக்க மருந்து டாக்டர் சரி என்றால் நாள் குறிப்பார்கள்.

முந்தின இரவும் அன்று காலையும்

திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பும், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்படும். உங்கள் மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். பாலும் பால் கலந்த காபியும் தண்ணீர் கணக்கில் வராது. "ஒரு வாய் காபிதானே" என்று குடித்துவிட்டு ஆபரேஷன் தள்ளிப்போனவர்கள் உண்டு.

வீட்டில் ரேசர் போட்டு மழித்துக்கொண்டு வர வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி சேரும். முடி எடுக்க வேண்டுமென்றால் அன்றைக்கு நாங்களே கிளிப்பர் கொண்டு எடுப்போம். தலை முதல் கால்வரை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள், தொப்புளைச் சுத்தம் செய்யுங்கள். பெரிய துளை அங்கேதான் விழப்போகிறது. தாலி, மோதிரம், அரைஞாண், பொய்ப்பல் எல்லாவற்றையும் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். ஆடும் பல் இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள்.

தியேட்டருக்குள் போகும் முன் டாக்டர் வந்து எந்தப் பக்கம் என்று மார்க்கர் பேனாவால் அம்புக்குறி போடுவார். நின்றபடி, வீக்கம் தெரியும்போது போடுவதுதான் முறை. படுத்துவிட்டால் வீக்கம் மறைந்துவிடும். குறி சரியான பக்கத்தில் இருக்கிறதா என்று நீங்களும் குனிந்து பாருங்கள். கடைசியாக ஒரு வேலை, சிறுநீர் கழித்துவிட்டுப் போவது. துளை போடும் இடத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் தூரம் அதிகமில்லை. காலியான பை சுருங்கி ஒதுங்கியிருக்கும்.

உள்ளே செய்வது

மயக்கத்துக்குப் பிறகு மேசையைத் தலைப்பக்கம் சற்றுத் தாழ்த்துவார்கள். குடல் மேலே சரிந்து இடம் விடும். தொப்புளருகே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் துளையில் கேமரா. இன்னும் இரண்டு ஐந்து மில்லிமீட்டர் துளைகளில் கருவிகள். கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வேலை செய்ய இடம் உண்டாக்குவார்கள்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்றை டெப் என்பார்கள். இதில் வயிற்றுக்குள்ளேயே போவதில்லை. தசைக்கும், குடலைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை விரித்து, அதற்குள்ளேயே வேலையை முடிப்பார்கள். மற்றது டாப். வயிற்றுக்குள் போய், இரண்டு பக்கத்தையும் நேரில் பார்த்து, அந்த உறையைத் திறந்து வலையை வைத்து, மறுபடி உறையைத் தைத்து மூடுவார்கள். பலன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். டாக்டர் எதில் பழகியவரோ அதில் விட்டுவிடுங்கள்.

இதில் நேரம் பிடிப்பது வலை வைப்பது இல்லை. துவாரம் வழியாகப் பை போல வெளியே பிதுங்கிய உறையை, அதோடு ஒட்டியிருக்கும் விந்துக் குழாய், விதையின் ரத்தக்குழாய்கள் இவற்றிலிருந்து மெதுவாக உரித்துப் பின்னுக்கு இழுப்பதுதான். திரையில் பார்த்தால் வெள்ளைச் சிலந்தி நூல் மாதிரியான இழைகள் ஒவ்வொன்றாக விலகும். காலுக்குப் போகும் பெரிய ரத்தநாளம் அந்தப் பக்கத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும். சற்றுத் தள்ளித் தொடைக்குப் போகும் நரம்புகள். அந்த இரண்டு இடத்திலும் வலையைப் பொருத்தும் கிளிப்பு அடிக்கக்கூடாது என்பது அறுவை சிகிச்சை மாணவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம். அனுபவம் என்று நான் மேலே திரும்பத் திரும்பச் சொன்னது இந்த உள்ளங்கை அகல இடத்துக்காகத்தான்.

உரித்து முடித்த பிறகு, 10 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள வலையைச் சுருட்டி, தொப்புள் துளை வழியாக உள்ளே விட்டு, அங்கே விரிப்பார்கள். ஃபிரெஞ்சு அறுவை சிகிச்சை நிபுணர் ஃப்ருஷோ 1956-இல் காட்டிய விஷயம் இங்கே உதவுகிறது: மூன்று வகைக் குடலிறக்கமும் ஒரே பலவீனமான பரப்பிலிருந்துதான் கிளம்புகின்றன. அந்தப் பரப்பு முழுவதையும் ஒரே வலை மூடிவிடுகிறது. பெரும்பாலும் கிளிப்புகூடத் தேவைப்படாது, உள்ளிருந்து வரும் வயிற்றின் அழுத்தமே பிடித்துக்கொள்ளும். நேராகப் புடைத்த பெரிய துவாரம் என்றால் பொருத்துவார்கள். வாயுவை வெளியே விடும்போது உறை வந்து வலைமேல் படிவதை மெதுவாகப் பார்த்து உறுதிசெய்துகொண்டே கேமராவை எடுப்பார்கள். வலை மடங்கிவிட்டால் மறுபடி வர அதுவே காரணமாகிவிடும். சிக்கல் இல்லாத ஒரு பக்கத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம்.

கண் விழித்த பிறகு

தோள்பட்டை வலிக்கலாம். வயிற்றில் செய்த ஆபரேஷனுக்குத் தோள் ஏன் வலிக்கிறது என்று பயப்படுவார்கள். மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, ஓரிரு நாளில் போய்விடும். நடந்தால் சீக்கிரம் போகும். விதைப்பையில் தொட்டால் நறநறவென்று இருந்தால் அதுவும் வாயுதான்.

நான்கைந்து மணி நேரத்தில் எழுப்பி நடக்கவைப்போம். நேராக எழுந்து உட்காரப் பார்க்காதீர்கள். ஒரு பக்கம் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, முழங்கையை ஊன்றி எழுந்திருங்கள். இருமல் வந்தால் தலையணையை அடிவயிற்றில் அணைத்துக்கொண்டு இருமுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் போகவில்லை, அடிவயிறு முட்டுகிறது என்றால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்; பொறுத்துக்கொள்வது நல்லதில்லை. இவையெல்லாம் சரியாக இருந்தால் அன்றைக்கோ மறுநாளோ டிஸ்சார்ஜ்.

வீட்டில்

அடுத்த சில நாளில் தொடை இடுக்கும் விதைப்பையும் ஆணுறுப்பும் நீலம் பாரிக்கலாம். உள்ளே கசிந்த ரத்தம் கீழே இறங்குவது அது, மஞ்சளாகி மறையும். இன்னொன்று அதைவிடக் குழப்பும். வீக்கம் இருந்த அதே இடத்தில் மறுபடி ஒரு கட்டி. ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று அழுதுகொண்டே வருவார்கள். குடல் இருந்த காலி இடத்தில் நீர் சேர்வதுதான் அது. இருமினால் துடிக்காது, படுத்தாலும் உள்ளே போகாது. பெரும்பாலும் ஓரிரு மாதத்தில் தானே வற்றிவிடும். ஊசி குத்தி எடுக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், அதில் கிருமி உள்ளே போக வழி உண்டாகும். மறுபரிசோதனைக்கு வரும்போது டாக்டர் பார்த்துச் சொல்வார்.

சாப்பாட்டில் பத்தியம் தேவையில்லை. தயிர் சேர்த்தால், முட்டை, மீன் சேர்த்தால் சீழ் பிடிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். அன்போடு சொல்வதுதான், ஆனால் புண் ஆறப் புரதம் வேண்டும். பருப்பு, முட்டை, மீன், தயிர் எல்லாம் சாப்பிடுங்கள். கீரை, பழம், நிறையத் தண்ணீர். மலம் இறுகினால் இசப்கோல். முக்கக்கூடாது என்பதுதான் இங்கே முக்கியம். வலி மாத்திரையை முதல் சில நாள் வேளை தவறாமல் போடுங்கள். வலித்தபின் போடலாம் என்று காத்திருந்தால் நடக்க மனம் வராது.

குளிப்பது பற்றி டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். நீர் புகாத பிளாஸ்திரி போட்டிருந்தால் சீக்கிரமே குளிக்கலாம். மாடிப்படி ஏறலாம். அலுவலக வேலைக்கு ஒரு வாரம், பத்து நாளில் பலர் போய்விடுகிறார்கள். ஸ்கூட்டரோ காரோ, திடீர் பிரேக் போட்டால் வலிக்காது என்ற நிலை வந்தபிறகு ஓட்டுங்கள். தாம்பத்தியத்துக்கும் வலியே அளவுகோல். சுமை தூக்குவதில் டாக்டருக்கு டாக்டர் கணக்கு மாறும். சிக்கலில்லாத லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு நீண்ட கட்டுப்பாடு தேவையில்லை என்பது சர்வதேச வழிகாட்டுதல்; நம் ஊரில் நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுக்கச் சொல்வது வழக்கம். இருபது லிட்டர் தண்ணீர் கேனும், முப்பது கிலோ வரும் நிறை கேஸ் சிலிண்டரும் அதுவரை வேறு யாராவது தூக்கட்டும். கூலி வேலை செய்பவர்கள் "எத்தனை நாள்?" என்று டாக்டரிடம் தெளிவாகக் கேட்டு, வீட்டு வருமானத்துக்கு அதற்கேற்ப முன்பே ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள். பாதியில் மூட்டை தூக்கப் போவது பெரும்பாலும் பிடிவாதத்தால் இல்லை, வீட்டில் அரிசி இல்லாததால்தான். வார்டில் சமூகப் பணியாளர் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள்.

காய்ச்சல், துளையில் சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி, நிற்காத வாந்தி, வயிறு உப்புதல், சிறுநீரில் ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் மறுபரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் அன்றே வாருங்கள். தொடையின் வெளிப்பக்கம் கொஞ்சம் மரத்திருப்பது வாரங்களில் தணியும். மூன்று மாதம் கடந்தும் வலி விடவில்லை என்றால் "ஆபரேஷன் என்றால் அப்படித்தான்" என்று பொறுத்துப் போகாதீர்கள். சிலருக்கு அப்படி வருவது உண்மை, அதற்குத் தனி வைத்தியமும் உண்டு.

டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போது அதில் எந்தப் பக்கம், டெப்பா டாப்பா, என்ன வலை, என்ன அளவு, கிளிப்பு போட்டார்களா என்பதெல்லாம் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வலைப் பெட்டியில் வரும் ஸ்டிக்கர் ஒன்றும் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்துவையுங்கள். பின்னால் மறுபடி குடலிறக்கம் வந்தாலோ, புராஸ்டேட்டில் ஆபரேஷன் செய்ய நேர்ந்தாலோ, எந்த வழியாக உள்ளே போவது என்பதை அந்த டாக்டர் இந்தச் சீட்டைப் பார்த்துத்தான் முடிவுசெய்வார்.